எழுபத்தோரு பூச்சுக்கு அடியில்

எங்கள் கடைத்தெருவுக்கு வயது நூற்று நாற்பது என்று பழமைப் பாதுகாப்புக் குழு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணிக்கு முடிவு செய்தது. அதுவரை தெருவுக்கு வயது கிடையாது, ஏற்றம் மட்டும்தான். பஸ் நிற்கும் இடத்தில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வரை நாற்பத்திரண்டு கடைகள். பாதி ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். சரியாக அந்த இடத்தில் பெயிண்ட் கடை இருந்தது. அதனால் கடை வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அவர்களில் பெயிண்ட் வாங்க வந்தவர் ஒருவர் இருந்தால் அது நல்ல வியாபார நாள்.

கடைக்கு மேலே ஓர் அறை. கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் நாலடி நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் தகரம், கூரை தகரம், தரை பலகை. நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைக் கடை முன்னால் நட்ட ஒரு மரத்தூண் தாங்கியது. பெயிண்ட்காரர், அவர் மனைவி, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் மகள், மூன்று பேரும் அந்த அறையில்தான் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். கீழே கடையில் டின் அடுக்கியது போக இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் நிற்க இடமிருக்காது.

புதன்கிழமை காலையில் நகராட்சி குமாஸ்தா கடைக்கு வந்தான். பெயிண்ட்காரர் மனைவியின் சொந்தத் தம்பி. கக்கத்தில் ஒரு கட்டு நோட்டீஸ். அவள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவருக்குப் பூசும் பட்டி மாவை மூட்டையிலிருந்து அள்ளி இரண்டு கிலோப் பொட்டலமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். புருவமெல்லாம் வெள்ளை.

"அக்கா, ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்கு?"

"வாங்கிக்கிட்டேன்னு."

"எதை?"

"இதைத்தான்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"கையெழுத்துப் போட்டுட்டுப் படி. அதுதான் முறை."

அவள் துண்டை இறக்கிவிட்டுப் போட்டாள். பிறகு படித்தாள். அறுபது ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட முகப்பு மாற்றங்களும் மாடிச் சேர்க்கைகளும் தெருவின் பழந்தோற்றத்துக்கு ஊறு செய்வதால் முப்பது நாளுக்குள் உரிமையாளரே தம் செலவில் அகற்றிக்கொள்ள வேண்டியது.

"நீயா டைப் அடிச்ச?"

"நாப்பத்திரண்டு பேருக்கும் நான்தான்."

"எங்களுக்கு அடிக்கும்போது கை கூசலையா?"

"ஒண்ணுதான்க்கா அடிச்சேன். மத்தது நகல். கதவு நம்பர் மட்டும் கையால எழுதினேன்."

"சரி. மத்தியானம் சோறு எங்க திம்ப?"

"ஏன், மேலதான்."

"மேல எங்க?"

குமாஸ்தா அண்ணாந்து பார்த்தான். பன்னிரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டை அவன் அந்த அறையில்தான் சாப்பிட்டு வந்தான். நோட்டீசைத் தட்டச்சு செய்த வேளையில் இது அவனுக்குத் தோன்றவில்லை. அரசாங்க வேலையில் வயிறு வேறு, கை வேறு.

"முப்பது நாள் இருக்குல்லக்கா," என்றான்.

*

குழுவைத் திட்டுவது சுலபம். நாங்களும் திட்டினோம். ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு கட்டடம் இருந்தது. பக்கத்துத் தெருவில் பதினோரு கடைகளை இடித்துவிட்டு எழுப்பிய கண்ணாடிக் கட்டடம். அதற்குள் ஒரு நகரும் படிக்கட்டு. கரண்ட் இருக்கும்போது நகரும், மற்ற நேரத்தில் சாதாரணப் படிக்கட்டாக இருந்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். மூடுபனி நாட்களில் கண்ணாடி எது, வானம் எது என்று தெரியாமல் குருவிகள் மோதிச் செத்தன. அந்தக் கட்டடத்தின் முதலாளி எங்கள் தெருவையும் அளந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வாரம்தான் குழு பிறந்தது.

குழுத் தலைவர் டெலிபோன் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் காட்டினாலும் "இதோட அசல் எங்க?" என்று கேட்பார். ஊரில் அவருக்கு அசல் சார் என்று பெயர். அவரிடம் தெருவின் பழைய போட்டோ ஒன்று இருந்தது. அதில் கடைகள், ஒரு மாடு, ஒரு குடை தெரிந்தன. நிறம் தெரியவில்லை, கறுப்பு வெள்ளைப் போட்டோ. தெருவை அசல் நிறத்துக்குத் திருப்ப வேண்டும் என்றால் அந்த நிறம் என்ன என்று தெரிய வேண்டும். அதற்காகச் சமவெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள்.

நிபுணர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கையில் சின்னக் கத்தி, பூதக்கண்ணாடி, காலில் எங்கள் ஏற்றத்துக்குச் சரிப்படாத செருப்பு. கீழிருந்து ஒவ்வொரு கதவாகச் சுரண்டிக்கொண்டு வந்தாள். பாதியில் மூச்சு வாங்கியது. பெயிண்ட் கடைத் தூணில் கை வைத்து நின்றாள்.

கை வைத்த இடம் மேடாக இருந்தது.

அந்த மேடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கலர் கார்டில் இருக்கிற நிறத்தைக் கேட்டால் பெயிண்ட்காரர் டின்னை எடுத்துக் கொடுத்துவிடுவார். கார்டில் இல்லாத நிறத்தைக் கேட்கிறவர்கள் உண்டு. "எங்க வீட்டு நாய் இருக்குல்ல, அது காது நிறம் வேணும்" என்று ஒருவர் கேட்டார். அப்படிக் கேட்டால் ஸ்டெயினர் என்கிற நிறச்சாயத்தை விட்டுக் கையால் கலக்க வேண்டும். கலந்ததைத் தூணில், நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடவு தடவி, காயும்வரை காத்திருந்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கொடுப்பார். எப்போதும் அதே இடம். போன தடவல் மேலேயே இந்தத் தடவல். வருஷத்துக்கு மூன்று, சில வருஷம் நாலு. எத்தனை அவசரக்காரர் வந்தாலும் தடவாமல் கொடுத்ததில்லை.

நிபுணர் வந்த அன்று பெயிண்ட்காரர் சரக்கு எடுக்க முதல் பஸ்ஸில் கீழே போயிருந்தார். கடையில் அவர் மனைவி மட்டும்.

"இந்தத் தூண் எப்ப இருந்து இங்க இருக்கு?" என்று நிபுணர் கேட்டாள்.

"என் பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இருக்குங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தூண் நட்டு முப்பத்தைந்தாம் நாள் பிறந்தவள் மகள். மேலே அறை கட்டியதே அவளுக்காகத்தான். ஓடையில் பழைய மரப்பாலத்தைப் பிரித்தபோது விற்ற கட்டைகளில் ஒன்றை வாங்கி வந்து நட்டார்கள். பொண்ணுக்கு என்ன வயது என்று நிபுணர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் பெயிண்ட்காரர் மனைவிக்கு இல்லை.

நிபுணர் மேட்டில் கத்தியைச் சாய்த்து இறக்கி, ஒரு சில்லை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். ஒரு தடவை எண்ணிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். மறுபடி எண்ணினாள்.

"எழுபத்தொண்ணு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"டீ குடிக்கிறீங்களா?" என்றாள் பெயிண்ட்காரர் மனைவி.

*

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் குமாஸ்தா அறிக்கையோடு மாடி ஏறினான். மகள் இரவு ஷிப்டு முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் போர்வைக்குள் கிடந்தாள். மற்றவர்கள் தட்டு முன்னால். சோறு, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை. வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது.

"மெதுவாப் படி, அவ தூங்குறா," என்றாள் அக்கா.

குமாஸ்தா தணிந்த குரலில் படித்தான். மலையின் ஈரத்துக்கு மரவேலைகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வண்ணம் பூசுவது வழக்கம். மேற்படித் தூணில் எழுபத்தோரு பூச்சுகள். ஆகவே தூணின் வயது நூற்று நாற்பத்திரண்டு. தெருவின் வயதோடு ஒப்பிட்டால் இரண்டு ஆண்டு வித்தியாசம். ஆய்வுகளில் இந்த அளவு பிழை ஏற்கத்தக்கது.

பெயிண்ட்காரருக்கு உருளைக்கிழங்கு புரையேறியது.

"தண்ணி குடிங்க மாமா. இனிமேதான் விஷயமே இருக்கு." குமாஸ்தா பக்கத்தைத் திருப்பினான். "தெருவில் மாறாமல் நிற்கும் ஒரே மூலப் பொருள் இதுவே. இத்தூணை அசைக்கவோ, நகர்த்தவோ, அதன் மேல் உள்ள பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது."

அக்கா சோற்றுக் கையை அப்படியே நிறுத்தினாள். "கடைசி வரியைத் திருப்பிப் படி."

"கூட்டவோ குறைக்கவோ கூடாது."

"தூண் மேல என்னடா பாரம்?"

"நாமதான்," என்றான் குமாஸ்தா.

அவள் எழுந்து, தன் தட்டிலிருந்த முட்டையைத் தம்பி தட்டில் வைத்தாள். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து அவனுக்கு அரை முட்டைதான் கிடைத்து வந்தது.

"இன்னொண்ணு இருக்குக்கா. அடிப்பூச்சுதான் தெருவோட அசல் நிறமாம். நாப்பத்திரண்டு கடைக் கதவுக்கும் அதைத்தான் அடிக்கணும். மாமாதான் கலந்து கொடுக்கணும்னு அசல் சார் சொல்லிட்டாரு. மாதிரி அட்டை கொடுத்திருக்காங்க."

அறிக்கைக்குள்ளிருந்து கையகல அட்டையை எடுத்தான். எண்ணெய்க் கை படக் கூடாதென்று பக்கத்துச் சுவரில், ஆணிக்கும் தகரத்துக்கும் நடுவே செருகினான். செருகிவிட்டு இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு அட்டையை எடுக்கத் திரும்பினான்.

"இங்கதான வெச்சேன்?"

அட்டை காணவில்லை. குமாஸ்தா தரையில் தேடினான், தட்டுக்கு அடியில் தேடினான். மகள் போர்வையிலிருந்து ஒரு கையை மட்டும் நீட்டிச் சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

"உங்க மூக்குக்கு நேரா இருக்கு மாமா. சத்தம் போடாமத் தேடுங்க."

அட்டை சுவரில்தான் இருந்தது. சுவரின் நிறத்திலேயே இருந்தது. பாசி பிடித்த கல்லை வெயிலில் காயப் போட்டது மாதிரி ஒரு பச்சை, துளி மினுமினுப்பு இல்லாமல். நாலு தகரச் சுவரிலும் அதே பச்சை.

 பெயிண்ட்காரர் எழுந்து அட்டையைப் பிடுங்கி, முகத்தருகே வைத்துப் பார்த்து, கீழே வைத்தார்.

"இது அந்த லாட்ஜ் மேனேஜர் சரக்கு," என்றார்.

*

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் ஒரு லாட்ஜின் ஜன்னல்களுக்கு எட்டு லிட்டர் இலைப்பச்சை கேட்டார்கள். பெயிண்ட்காரர் கலந்தார். இந்த நிறம் வந்தது. லாட்ஜ் மேனேஜர் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து, மூச்சு வாங்க நின்றவர்கள் பார்க்க, நடு வாசலில் வைத்து, "கலக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா கடை?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெயிண்ட்காரர் மன்னிப்புக் கேட்டார். எங்கே தவறினோம் என்று பார்க்க, அந்த வாரம்தான் நட்டிருந்த தூணில் ஒரு தடவு தடவினார். பகல் முழுக்க அதையே பார்த்தார், பிடிபடவில்லை. அன்றிலிருந்து தடவிப் பார்க்காமல் ஒரு டின் அவர் கையை விட்டுப் போனதில்லை. விற்காத எட்டு லிட்டரை வீணாக்காமல் மாடி அறைக்கு அடித்தார்கள்.

"நான் பண்ணின தப்பை நாப்பத்திரண்டு கதவுக்கும் அடிக்கச் சொல்றாங்க," என்றார்.

"அடிச்சா என்ன? தப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கு என்ன? அப்படியே தெரியட்டும், தலைக்கு மேல கூரை இருக்கும்ல."

"அந்த லாட்ஜ்காரன் இந்த வழியாத்தான் இன்னமும் நடந்து போறான். தெரு முழுக்க அதே பச்சையைப் பார்த்தா என்ன நினைப்பான்?"

"அவனுக்குக் கண்புரை. போன மாசம் என்னைப் பார்த்துத் தபால்காரரான்னு கேட்டான்."

"நிறத்தைப் பத்தி மட்டும் சொல்லிடறேன். தூணைப் பத்திச் சொல்லல."

"தூணைச் சொல்லாம நிறத்தை எப்படிச் சொல்வீங்க? தூண்மேலதான நிறம் இருக்கு?"

"அக்கா சொல்றது நியாயம் மாமா," என்றான் அந்த முழு முட்டையையும் முடித்திருந்த குமாஸ்தா.

"எல்லாரும் கீழ போய்ச் சண்டை போடுங்களேன்," என்றது போர்வை.

*

மறுநாள் பெயிண்ட்காரர் அசல் சாரின் வீட்டுக்குப் போனார். முன்னறையில் பழைய டெலிபோன்கள் ஏழு வரிசையாக இருந்தன. எதிலும் இணைப்பு இல்லை, தினமும் துடைக்கப்பட்டன.

"நிறம் தப்புங்க," என்றார் பெயிண்ட்காரர், உட்காராமல்.

"யார் சொன்னா?"

"நான்தான்."

"நீங்க வரலாறு படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. நான் கலந்தது. எனக்குத் தெரியாதா?"

எதைச் சொல்ல வந்தாரோ அதோடு சொல்லாமல் விட வந்ததும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. தூண், பாலத்துக் கட்டை, லாட்ஜ், எழுபத்தோரு தடவல். அசல் சார் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு டெலிபோனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அது அவருக்குப் பழக்கம்.

"எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"இல்லைங்க."

"வாய்மொழியாச் சொல்றதைப் பதிவு பண்ண ஒரு உபகுழு போடறதா இருக்கோம். அடுத்த வருஷம். அதுல வந்து சொல்லுங்க."

"அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சிருவாங்களே."

அசல் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு குரல் மாறியது. குழுக் கூட்டத்தில் பேசும் குரல் இல்லை இது.

"இங்க பாருங்க. பக்கத்துத் தெருவுல பதினோரு கடை போச்சு. அதுல ஒண்ணு என் தம்பியோட தையல் கடை. போட்டோவைக் காட்டினேன், ஆளைக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன், ஒருத்தன் கேட்கல. 'அறிவியல் ஆதாரம் உண்டா'ன்னு கேட்டாங்க. இப்ப ஒரு ஆதாரம் கெடைச்சிருக்கு. அந்த அறிக்கை மேலிடத்துக்குப் போய்த் தெருவை இடிக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்தாச்சு. அது பொய்யின்னு நாளைக்கு நான் எழுதினா, மறுநாள் கண்ணாடிக்காரன் லாரியோட வருவான். அப்புறம் உங்க தூணும் இல்ல, நிறமும் இல்ல. கடை எங்க இருந்ததுன்னு காட்டக்கூட ஆள் இருக்காது."

"எனக்கு அறை வேணும்ங்க. அந்தப் பச்சைதான் வேண்டாம்."

"ரெண்டும் ஒரே தூண்லதானே இருக்கு."

பெயிண்ட்காரர் ஏழு டெலிபோன்களையும் பார்த்தார். "சரிங்க," என்றார்.

வாசல்வரை வந்த அசல் சார், "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுல தெரியும்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"நீங்க சொன்னதையேதாங்க. இத்தனை வாக்கியம் இல்லாம."

*

ஒத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்தப் பச்சையை அவரால் கலக்க முடியவில்லை.

இலைப்பச்சையில் கறுப்பு விட்டார். கசாப்புக்கடைக் கதவு மாதிரி வந்தது. மஞ்சள் விட்டார், பழுப்பு விட்டார். நிறம் கிட்டத்தட்ட வரும், காய்ந்ததும் மினுக்கும். தின்னரைக் கூட்டினால் ஒழுகியது. நிபுணர் இரண்டு முறை பஸ் ஏறி வந்தாள். இரண்டு முறையும் அட்டையை வைத்துப் பார்த்து, "புதுசா இருக்கே," என்றாள்.

"பெயிண்ட் புதுசாத்தாங்க இருக்கும்," என்றார் பெயிண்ட்காரர்.

"இல்ல, அசல்ல ஒரு மங்கல் இருக்கு. அந்தக் காலத்துல ஏதோ கல்லை அரைச்சுச் சேர்த்திருக்காங்கன்னு நெனைக்கிறேன். வெள்ளிக்கிழமை வரேன். அப்பவும் சரியா வரலைன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, தூண்ல ஒரு துண்டு வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிடலாம். மரத்தோட வயசு, பெயிண்டோட வயசு, எல்லாமே துல்லியமாச் சொல்லிடுவாங்க."

துல்லியம் என்ற சொல்லுக்குப் பெயிண்ட்காரர் மனைவி பட்டிப் பொட்டலம் ஒன்றைக் கை நழுவ விட்டாள். தரையெல்லாம் மாவு.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவர் கலந்தார். சாப்பிட மேலே வரவில்லை. தட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். டின் மேல் வைத்த தட்டில் சோறு ஆறிப் போனது. பதினாலு பலகைத் துண்டுகளில் பதினாலு பச்சை. மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. மூடுபனி கடைக்குள்ளேயே வந்து டின்களின் பெயரை மறைத்தது.

"எனக்கே தெரியாம ஒரு தப்புப் பண்ணியிருக்கேன் பாரு," என்றார் அவர், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. "இருபத்து மூணு வருஷமா யோசிச்சும் என்ன தப்புன்னு தெரியல. இத்தனை நாள் கலந்ததெல்லாம் கணக்குல வராது. அது ஒண்ணுதான் வந்து நிக்குது. இப்பத் திருப்பிப் பண்ணுன்னா அதையும் பண்ணத் தெரியல. அந்த லாட்ஜ்காரன் சரியாத்தான் கேட்டிருக்கான்."

அவள் கதவுப் பக்கம் நின்றிருந்தாள். தெருவைப் பார்த்தாள். மூச்சு வாங்க நின்றவர்கள் யாரும் இல்லை, பனியில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான் இருட்டா இருந்துது," என்றாள்.

"என்னிக்கு?"

"நீங்க கலந்து வெச்சிட்டு, ஆசாரியைக் கூட்டிட்டு வரேன்னு போனீங்க. மேல பலகை பிடிக்க. போகும்போது, இடது பக்கம் இருக்கற கால் லிட்டர் பச்சை ஸ்டெயினரை இதுல ஊத்திக் கலக்கி வைன்னீங்க."

"ஆமா."

"எனக்கு ஒம்பது மாசம். குனிய முடியல, கால் லிட்டர் டின் இருக்கற இடமே தெரியல. கைக்கு எட்டினதை எடுத்து ஊத்தினேன். கலக்கறப்ப வாசம் வேற மாதிரி வந்துது. வெளிச்சத்துல கொண்டுவந்து பார்த்தா, ரெட் ஆக்சைடு."

இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அடிக்கும் செங்காவி நிற முதல் பூச்சு அது. மினுக்கம் என்பதே கிடையாது. எந்தப் பெயிண்டில் சேர்ந்தாலும் அதன் மினுக்கத்தையும் தின்றுவிடும். கலக்கத் தெரிந்த எவரும் அதை எனாமலில் ஊற்ற மாட்டார்கள். அதனால்தான் கலக்கத் தெரிந்தவருக்கு அது தோன்றவே இல்லை.

பெயிண்ட்காரர் கலக்கும் குச்சியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் எதுக்கு அந்தாள்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்?"

"நான் உள்ளதான் நின்னேன். சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க அதுக்குள்ள கேட்டுட்டீங்க."

"அதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் வலி எடுத்துடுச்சு."

"அது அடுத்த மாசம்."

"அப்புறம் இவ பொறந்தா. பாலுக்கு அழுதா. பல்லு மொளைச்சுது. ஸ்கூலுக்குப் போனா. எப்பச் சொல்றது? நீங்க தூண்ல தடவும்போதெல்லாம் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். நீங்க அவ்வளவு கவனமாத் தடவிட்டு இருப்பீங்க."

"எழுபத்தோரு தடவை."

"முதல் தடவை நான் ஊத்தினது, அது கணக்குல இல்ல. எழுபது."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். திட்டப் போகிறார் என்று அவள் துண்டை இழுத்து மூக்குவரை கட்டிக்கொண்டாள். அவர் அலமாரியில் தடவித் தடவி ஒரு கால் லிட்டர் ரெட் ஆக்சைடு டின்னை எடுத்து, மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, அவள் கையில் கொடுத்தார்.

"ஊத்து."

"நானா?"

"வேற யாருக்கு இந்தப் பக்குவம் தெரியும்?"

அவள் ஊற்றினாள். அவர் கலக்கினார். பச்சை ஒரு சுற்றுச் சிவந்து, இன்னொரு சுற்றில் மங்கி, பாசியாக வந்து நின்றது. "இன்னும் கொஞ்சம்," என்றார் அவர். "இல்ல, டின் அடியில கொஞ்சம் ஒட்டியிருந்துது அன்னிக்கு. போதும்," என்றாள் அவள். நாற்பத்திரண்டு கடைக்கும் எத்தனை லிட்டர் ஆகும் என்று கேட்க வந்த குமாஸ்தா, அக்காவும் மாமாவும் இருட்டில் ஒரே டின்னுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஆபீசுக்கே திரும்பிப் போனான்.

*

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் நிபுணர் வந்தாள். இந்த முறை மலைக்கேற்ற செருப்பு. காய்ந்த பலகை மேல் அட்டையை வைத்தாள். அட்டை காணாமல் போயிற்று. கையால் தடவித்தான் விளிம்பைக் கண்டுபிடித்தாள்.

"எப்படி வந்துது?"

"வீட்டுப் பக்குவங்க," என்றார் பெயிண்ட்காரர்.

நிபுணர் அதை எழுதிக்கொண்டாள். தூணில் துண்டு வெட்டவில்லை. முப்பதாம் நாள் வந்தது, போனது. குமாஸ்தா இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு பழைய நோட்டீசைத் திரும்ப எடுத்துப் போனான். இப்போது எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு கடைகளுக்கும் ரெட் ஆக்சைடு விழுந்த இலைப்பச்சைக் கதவுகள். பனி நாளில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். லாட்ஜ் மேனேஜர் ஒரு நாள் ஏறி வந்து பெயிண்ட் கடை வாசலில் மூச்சு வாங்க நின்றார். கதவுப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்து, "எங்க லாட்ஜுக்கு இந்த மாதிரி ஒரு பச்சைதான் கேட்டேன். அப்ப ஒருத்தனுக்கும் கலக்கத் தெரியல," என்றார். பெயிண்ட்காரர் அவருக்கு ஸ்டூல் போட்டார். உள்ளே அவர் மனைவிக்கு நிற்காமல் இருமல் வந்தது.

தூணின் மேட்டுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமை ஒருவர் கார்டில் இல்லாத ஒரு நீலம் கேட்டார். பெயிண்ட்காரர் கலந்தார், பிரஷைத் தோய்த்துக்கொண்டு தூணுக்குப் போனார், கண்ணாடி முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு பின்பக்கம் போய் மாடிப்படிக் கைப்பிடிக் கட்டையில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவினார். மேலிருந்து இறங்கிய மனைவி, நீலத்தில் கை வைத்துவிடாமல் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"இன்னும் எதுக்கு இது? தப்பு உங்களுது இல்லைன்னுதான் ஆயிடுச்சே."

"பழகிடுச்சு," என்றார். "நகரு, வெளிச்சத்தை மறைக்காத."

அவள் நகரவில்லை. ஒரு படி மேலே ஏறி, வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தாள். நீலம் காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் அதன் மேல் இன்னும் இரண்டு பூச்சு ஏறிவிட்டது. நிபுணரின் கணக்குப்படி கைப்பிடிக்கு இப்போது ஆறு வயது.